மேட்டுப்பாளையம் வரைக்கும்

நவம்பர் 4, திங்கள்

காலை பஸ்ஸில் கோத்தகிரியிலிருந்து இறங்கினோம். அம்மா ஜன்னலோரம்தான் உட்காருவேன் என்றாள். வலது கண்ணில் நடுப்பார்வை போய் மூன்று வருடமாகிறது. இப்போது இடது கண்ணுக்குள்ளும் ரத்தக் குழாய் உடைந்து, எதைப் பார்த்தாலும் அதன் நடுவில் சாணி அப்பினதுபோல ஒரு திட்டு என்கிறாள். ஜன்னலில் என்ன தெரியும் என்று நான் கேட்கவில்லை.

அப்பா ஸ்டாண்டு வரைக்கும் வந்தார். மழைக்கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"டாக்டரம்மா தலைகீழா நில்லுன்னாலும் நில்லு தெய்வான. கண்ணை வாங்கிட்டுத்தான் திரும்பி வரணும்."

"நான் இல்லைன்னு கடையில போண்டாவா தின்னுட்டு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காராதீங்க."

"போண்டா திங்கறதுக்கு நீ எதுக்கு இல்லாம இருக்கணும்? நீ இருக்கும்போதே தின்னுக்கிட்டுத்தான இருக்கேன்."

கண்டக்டர், "பெரியவரே, பேசணும்னா டிக்கெட் எடுத்து உள்ள வாங்க" என்றார். அப்பா சிரித்துக்கொண்டே கையை எடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீ படிச்ச புள்ள. நாலு வார்த்தை கேட்டுத் தெரிஞ்சுக்க. வெக்கப்பட்டுக்கிட்டு நிக்காத" என்றார். பஸ்ஸே கேட்டது.

ஒரு சிப்ஸ் பாக்கெட் வாங்கியிருந்தேன். மேலே கடையில் அது பலூன் மாதிரி உப்பிக்கொண்டு தொங்கும். கீழே மேட்டுப்பாளையம் வந்ததும் சூம்பிப் போயிருந்தது. சின்ன வயதில் பாதியை யாரோ தின்றுவிட்டார்கள் என்று நினைத்து அழுதிருக்கிறேன். இப்போது பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்தவள். காரணம் தெரியும்.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அம்மாவின் கண்ணை வெகுநேரம் பார்த்தார். ஜூனியரிடம் ஆங்கிலத்தில் பேசிவிட்டு என்னிடம் தமிழில் சொன்னார்.

"வயசானா சிலருக்கு விழித்திரையோட நடுப்பகுதி தேயும். அங்க புதுசா ரத்தக் குழாய் முளைச்சுக் கசியும். உங்கம்மாவுக்கு ஒரேயடியா உடைஞ்சு ரத்தம் கட்டிடுச்சு. இனி ஊசி மட்டும் பத்தாது. ஆபரேஷன் பண்ணி, கட்டியைக் கரைக்கற மருந்தை விழித்திரைக்கு அடியில விடணும். அப்புறம் கண்ணுக்குள்ள வாயு அடைப்போம். குப்புறவே இருந்தா அந்தக் குமிழி எழும்பி, ரத்தத்தை நடுவுலருந்து ஓரத்துக்குத் தள்ளும்."

பழைய பார்வை வருமா என்று கேட்க நினைத்தேன். அம்மாவே கேட்டாள்.

"பார்க்கலாம்மா. சும்மா விட்டா நிச்சயமா வராது."

பிறகு சீட்டில் ஊர்ப் பெயரைப் பார்த்து நிமிர்ந்தார். "கோத்தகிரியா? குமிழி கரையற வரைக்கும் மேல போகவே கூடாது. மூணு வாரம்கூட ஆகலாம். மலை ஏறினா வாயு விரியும். உள்ள அழுத்தம் ஏறி மிச்சப் பார்வையும் போயிடும்."

எனக்குச் சிப்ஸ் பாக்கெட் ஞாபகம் வந்தது. ஆபரேஷன் பாரத்தில் கையெழுத்துப் போட்டேன்.

நவம்பர் 5, செவ்வாய்

ஆபரேஷன் முடிந்தது. அம்மாவின் மணிக்கட்டில் ஒரு பச்சைப் பட்டை மாட்டியிருக்கிறார்கள். கண்ணில் வாயு இருக்கிறது, விமானம், மலைப்பயணம் கூடாது என்று அதில் அச்சடித்திருக்கிறது. அம்மா அதைத் தடவிப் பார்த்து, "வளைகாப்புக்கு ஒத்தை வளையல் போட்டு உட்டாங்க" என்றாள்.

நவம்பர் 6, புதன்

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் விடுதியில் அறை கொடுத்திருக்கிறார்கள். இரண்டு கட்டில். நடுவில் வட்டமாக ஓட்டை வைத்த தலையணையில் முகத்தைப் புதைத்து அம்மா குப்புறப் படுத்திருக்கிறாள். உட்கார்ந்தாலும் நெற்றியை ஸ்டூலில் சாய்த்துத் தரையைத்தான் பார்க்க வேண்டும். சாப்பாடு, கக்கூஸ், எல்லாம் தலை குனிந்தபடி.

பக்கத்துக் கட்டிலில் உடுமலைப்பேட்டையிலிருந்து கைருன்னிசா அம்மா. அவர்களுக்கு விழித்திரையில் ஓட்டை. அதே வாயு, அதே குப்புறம். மருமகள் கூட இருக்கிறாள்.

"ஏம்மா, உங்க தலகாணி ஓட்டை பெருசா எந்தலகாணி ஓட்டை பெருசா? எம்மூக்கு முட்டுது."

"மூக்கு பெருசா இருந்தா முட்டத்தான் செய்யும்" என்றாள் அம்மா தரையைப் பார்த்து.

"நீங்க இன்னும் என் மூக்கைப் பார்க்கலியே."

"சத்தத்துலயே தெரியுதே."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. மருமகளும் நானும் சிரித்தோம்.

குளிப்பாட்டக் கூடாது. ஈரத்துணியால் துடைத்து, தலை வாரி, பொட்டு வைத்துவிட்டேன். தலையணையில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டினாலும் பரவாயில்லை, வை என்றாள். தாலி கழுத்திலிருந்து தொங்கி முகத்துக்கு நேரே ஆடுகிறது. "மணி ஆட்டற மாதிரி ஆடுது, தலை சுத்துது" என்று ரவிக்கைக்குள் செருகச் சொன்னாள்.

சாயங்காலம் அப்பா பேசினார். போனை ஸ்டூலுக்கு அடியில் பிடித்துக்கொண்டேன். "என்ன தெரியுது?" என்று கேட்டார். "தரை தெரியுது" என்றாள் அம்மா. "எங்கே?" "ஓரத்துல. நடுவுல ஒரு கறுப்பு உருண்டை ஆடிக்கிட்டே நிக்குது. அதான் குமிழியாம்." அப்பா, "அதை நல்லாப் பார்த்துக்க. அதுக்கு எவ்வளவு செலவு பண்ணிருக்காங்க அரசாங்கத்துல" என்றார்.

நவம்பர் 7, வியாழன்

அம்மா ஆட்களைக் காலை வைத்து அடையாளம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். வலது கண்ணின் ஓரத்தில் அவ்வளவு தெரிகிறது. சொட்டு மருந்து போட வருகிற சிஸ்டர்களில் ஒருத்தி நீலச் செருப்பு, ஒருத்தி வெள்ளை ஷூ. நீலச் செருப்பு மெதுவாகப் போடுகிறாள், வெள்ளை ஷூ வாசல் தெளிக்கிற மாதிரி போடுகிறாள் என்கிறாள். என் கால் அப்பா கால் மாதிரியாம், இரண்டாவது விரல் நீளம்.

மதியம் குரூப் ஃபோர் புத்தகத்தில் இரண்டு பக்கம் படித்தேன். ஒன்றும் ஏறவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

கைருன்னிசா அம்மாவின் மகன் பிரியாணி கொண்டுவந்தார். அம்மா ஸ்டூலுக்கு அடியில் தட்டை வைத்துக்கொண்டு, தலை நிமிராமலே இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். அப்பாவிடம் போனில் சொல்லி வெறுப்பேற்றினாள். தனக்கு இருமல் கொஞ்சம் இருக்கிறது, வேறு ஒன்றுமில்லை என்றார் அப்பா.

நவம்பர் 9, சனி

காலையில் அம்மாவின் இரண்டு புடவைகளைத் துவைத்தேன். மேகமாக இருந்ததால் மாடிக்குப் போகாமல் வராந்தாக் கொடியிலேயே போட்டேன். அப்போதுதான் அண்ணன் பேசினான்.

"அம்மா பக்கத்துல இருக்கா?"

"இல்லண்ணே. வெளிய நிக்கறேன்."

"அப்பா போயிட்டாரு இந்து."

டீ குடித்தாராம். வெளியே கிளம்பக் காலுறை போட உட்கார்ந்தாராம். ஒரு காலில் போட்டிருந்தாராம். இன்னொன்று கையில் இருந்ததாம்.

அண்ணன் அழுதான். நான் கொடியில் இருந்த புடவையின் மடிப்பை இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அவனே, "அம்மாவைக் கூட்டிட்டு உடனே கிளம்பு. கார் சொல்றேன். முகம் பார்க்காம எடுக்க முடியாது" என்றான். மேலே வந்தால் கண் போய்விடும் என்றேன். அவனுக்குப் புரியவில்லை. சிப்ஸ் பாக்கெட்டைச் சொன்னேன். "டாக்டர்கிட்ட கேட்டுட்டுச் சொல்லு" என்றான்.

டாக்டரம்மா அறை வாசலில் நின்றேன். உள்ளே நிறையப் பேர். இரண்டு தடவை கதவு திறந்தது, இரண்டு தடவையும் ஒதுங்கிக்கொண்டேன். நீலச் செருப்பு சிஸ்டர் வந்தார். அவரிடம் கேட்டேன்.

"ஒரே ஒரு நாள் ஊருக்குப் போயிட்டு வந்தா என்ன ஆகும் சிஸ்டர்?"

"மலை ஏறவே கூடாதும்மா. வேணும்னா கார்ல தலையைக் குனிஞ்சபடி மேட்டுப்பாளையம் வரைக்கும் போகலாம். அதுக்கு மேல கூடாது. ஏன், வீட்ல யாருக்காச்சும் ஏதாவதா?"

"இல்ல சிஸ்டர். சும்மா கேட்டேன்."

அண்ணன் திரும்பப் பேசினான். எஸ்டேட் ஆம்புலன்ஸ் இருக்கிறது, அப்பாவை மேட்டுப்பாளையம் வரைக்கும் கொண்டுவருகிறேன், நீ அம்மாவை அங்கே கூட்டி வா, பத்து நிமிஷம் பார்த்துவிட்டுப் போகட்டும் என்றான். மாமா, சித்தப்பா எல்லோரிடமும் பேசிவிட்டானாம். சரி என்றார்களாம்.

"டாக்டர் எங்கயும் போகக் கூடாதுன்னுட்டாங்கண்ணே."

"அவ்வளவு தூரம்கூடவா?"

"ம்."

"நீ படிச்சவ. நீ சொன்னாச் சரி. அம்மாகிட்ட?"

"இப்போ வேண்டாம். தாங்காது. அழுது தலையைத் தூக்கிடும். நான் அப்புறம் சொல்லிக்கறேன்."

பஸ் ஸ்டாண்டில், அத்தனை பேர் பார்க்க, அம்மாவைக் குனிந்தபடி நடத்திப்போய் ஆம்புலன்ஸ் கதவுக்கு முன்னால் நிறுத்துவதை நினைத்துப் பார்த்தேன். கூட்டிப் போகிற வழியில் எதற்கு என்று கேட்பாள்.

குளித்தேன். பிறகு அம்மாவுக்குச் சோறு பிசைந்து கொடுத்தேன். குனிந்து தட்டை நீட்டியபோது தரையில் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"என்ன புள்ள, தண்ணி சொட்டுது?"

"ஒரே புழுக்கமா இருந்துச்சும்மா. தலைக்கு ஊத்திக்கிட்டேன்."

அம்மா பாதிச் சோறுதான் சாப்பிட்டாள். குப்புற இருந்தால் இறங்குவதில்லை போலிருக்கிறது.

நவம்பர் 10, ஞாயிறு

அடக்கம் காலையிலேயே. இரவு முழுக்க மேலே மழையாம். அண்ணன் வீடியோவில் காட்டினான். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். யாரோ குடை பிடித்திருந்தார்கள், அதன் கம்பி அப்பா முகத்துக்குக் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. குடையை நகர்த்தச் சொல்லு என்று சொல்ல வாய் வரவில்லை. அப்போது துணி எடுக்க இரண்டு பேர் மாடிக்கு வந்தார்கள். போனை அணைத்துவிட்டேன்.

அம்மாவைக் கூட்டிப் போயிருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது. ஒரு கண்ணில் குமிழி, ஒரு கண்ணில் நடுவே கிடையாது. முகம் பார்ப்பது என்பது அவளால் முடியாத காரியம்.

நவம்பர் 11, திங்கள்

அம்மா அப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் மழையில் டவர் இல்லை என்று சொல்ல வைத்திருந்தேன். நல்லதாகப் போயிற்று.

பொட்டு வைக்கப் போனேன். "வேண்டாம், தலகாணியில ஒட்டுது" என்றாள்.

நவம்பர் 12, செவ்வாய்

நீலச் செருப்பு சிஸ்டர் சொட்டு மருந்து போட வந்தபோது நான் காபி வாங்கப் போயிருந்தேன். திரும்பி வரும்போது அம்மாவோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "உங்கம்மா சமத்து. இவ்வளவு ஒழுங்காக் குப்புற இருக்கறவங்களை நான் பார்த்ததில்ல" என்றார்.

உண்மைதான். முதல் நாட்களில் கழுத்து வலி, முதுகு வலி என்று அரைமணிக்கு ஒரு தடவை புரண்டாள். இப்போது கல் மாதிரி கிடக்கிறாள். தூங்குகிறாள் என்று நினைத்தால் தூங்கவில்லை.

தாலியை ரவிக்கைக்குள்ளிருந்து வெளியே எடுத்து விட்டிருக்கிறாள். முகத்துக்கு நேரே தொங்குகிறது. ஆடினால் தலை சுற்றும் என்றேன். "நான் ஆடாம இருந்தா அது ஏன் ஆடுது" என்றாள்.

அண்ணியிடம் பேசினேன். கோத்தகிரி ரோட்டில் மண் சரிந்து ஒரு நாள் வண்டியே போகவில்லையாம். சனிக்கிழமை ஆம்புலன்ஸ் இறங்கியிருந்தால் திரும்பி ஏற முடியாமல் நடுவழியில் மாட்டியிருக்கும். இதை நான் அன்றைக்கு யோசிக்கவில்லை என்றாலும், நடந்தது சரிதான். மண் சரிந்தது எந்தக் கிழமை என்று அண்ணியிடம் கேட்க மறந்துவிட்டேன்.

நவம்பர் 14, வியாழன்

அம்மாவின் முகத்துக்குக் கீழே தரையில் ஈரம். தினமும் துடைக்கிறேன். கண்ணில் நீர் வடிகிறதா என்று வெள்ளை ஷூ சிஸ்டரிடம் கேட்டேன். ஆபரேஷன் ஆன கண் அப்படித்தான் வடியும் என்றார். இரண்டு கண்ணிலும் வடிகிறது என்று நான் சொல்லவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

மறுபடியும் பிரியாணி வந்தது. அம்மா வேண்டாம் என்றாள். தயிர்ச்சோறு போதுமாம். "போன வாரம் என்னோட பங்கையும் சேர்த்துத் தின்னீங்களே, இப்ப என்ன விரதமா?" என்றார்கள் கைருன்னிசா அம்மா. அம்மா தயிர்ச்சோற்றைப் பிசைந்தாள். அவர்கள் அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பது அவர்களுக்கு வழக்கமில்லை.

பாத்திரம் கழுவும்போது மருமகள் என் பக்கத்தில் வந்து நின்றாள். "அக்கா, வராந்தாவுல நீங்க போன்ல பேசினது அன்னைக்கு எங்க ஜன்னலுக்குக் கேட்டுச்சு. எங்க மாமியாருக்கும் கேட்டுச்சு. நாங்க ஒண்ணும் சொல்லல" என்றாள். தட்டைத் துடைத்து அடுக்கினேன்.

அந்த ஜன்னல் அவர்கள் கட்டில் பக்கம் இருக்கிறது. அம்மாவின் கட்டில் தள்ளித்தான் இருக்கிறது. அம்மாவுக்குக் கேட்டிருக்காது.

நவம்பர் 18, திங்கள்

டாக்டரம்மா பார்த்தார். இனிக் குப்புற இருக்க வேண்டாமாம். குமிழி பாதியாகிவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தால் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் தளும்புவதுபோலக் கீழே ஒரு கோடு ஆடுகிறது என்கிறாள் அம்மா. ரத்தம் ஓரத்துக்கு நகர்ந்திருக்கிறதாம். ஆபரேஷன் நல்லபடியாக நடந்திருக்கிறது என்றார்.

"ஆனா நடுவுல ஏற்கெனவே தழும்பு விழுந்திருக்கு. அதை மாத்த முடியாது. நேராப் பார்த்தா மங்கலாத்தான் இருக்கும். நீங்க பார்க்க வேண்டியதை விட்டுட்டு, கொஞ்சம் பக்கத்துல பாருங்க. அப்போ ஓரப் பார்வையில தெரியும். பழகணும்."

"சோத்தைப் பார்க்கணும்னா சொம்பைப் பார்க்கணும்" என்றாள் அம்மா.

"அதேதான்."

வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்க்க முயற்சி செய்தாள். என் காதுக்கு அந்தப் பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டே, "இளைச்சுப் போயிட்ட" என்றாள்.

பதின்மூன்று நாளில் முதல் தடவையாக அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தேன். நெற்றியிலும் கன்னத்திலும் தலையணையின் வட்டம் பதிந்திருந்தது.

நவம்பர் 19, செவ்வாய்

இன்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். குமிழி இன்னும் இருக்கிறது. சொன்னால் கிளம்பிவிடுவாள்.

நவம்பர் 20, புதன்

கைருன்னிசா அம்மா ஊருக்குப் போனார்கள். உடுமலைப்பேட்டை சமவெளிதானே, குமிழியோடே போகலாம். போகும்போது இரண்டு பேரும் எதிரெதிரே நின்று ஒருவர் முகத்தை ஒருவர் தேடினார்கள். ஒருத்தி பக்கவாட்டில் பார்க்க, ஒருத்தி மங்கலில் பார்க்க. "மூக்கு நான் நினைச்ச அளவுக்கு இல்ல" என்றாள் அம்மா. அவர்கள் சிரிக்கவில்லை. அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டு, மருமகளின் தோளைப் பிடித்துப் படி இறங்கிப் போய்விட்டார்கள்.

அண்ணன் பேசினான். பதினாறாம் நாள் காரியத்தை அம்மா வந்தபிறகு வைத்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்களாம். "சொல்லிட்டியா?" என்றான். "சொல்றேன்" என்றேன்.

நவம்பர் 22, வெள்ளி

கடுகளவு குமிழி மிச்சம். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

நவம்பர் 25, திங்கள்

டாக்டரம்மா கத்தரிக்கோலால் பச்சைப் பட்டையை வெட்டி எடுத்தார். இனி மலை ஏறலாம்.

காரமடை வந்ததும் சொல்லிவிடுவது என்று வைத்திருந்தேன். வார்த்தைகளைக்கூட வரிசையாக வைத்திருந்தேன். காரமடை வந்தது. தேரை மூடியிருந்த தகரக் கொட்டகையைப் பார்த்தேன். காரமடை போனது.

மேட்டுப்பாளையத்தில் பஸ் மாற வேண்டும். பைகளை இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்டு அம்மாவைக் கையில் பிடித்து நடத்திப்போனேன். பூக்கடை வரிசை வந்ததும் அம்மா நின்றாள். வாசனையில் தெரிந்திருக்கும்.

"ஒரு மாலை வாங்கிக்க புள்ள. மேல நல்ல மாலை கிடைக்காது."

"எதுக்கும்மா?"

நான் கேட்டது எனக்கே கேட்கவில்லை.

"சம்பங்கியா வாங்கு. அவருக்கு ரோசாப்பூ பிடிக்காது."

வாங்கினேன். கடைக்காரர் வாழையிலையில் சுற்றி, நனைத்துக் கொடுத்தார். பஸ் ஏறி உட்கார்ந்தோம். முதல் வளைவுக்குப் பிறகுதான் நான் கேட்டேன்.

"எப்போம்மா தெரியும்?"

"அன்னைக்கேதான். சளிப் பிடிக்கும்னு தீபாவளிக்குக்கூட தலை நனைக்க அழறவ. மத்தியானத்துல தலைக்கு ஊத்திக்கிட்டு வந்து நின்ன. சாவு சேதி கேட்டாத்தான அப்படி ஊத்துவாங்க. உன் தலையிலருந்து சொட்டுனது என் மூஞ்சிக்குக் கீழதான் விழுந்துச்சு."

சேதி வந்தால் தலை முழுக வேண்டும். நான் அதை யோசித்துச் செய்யவில்லை. கை தானாக வாளியை எடுத்தது.

"யாரோன்னு நினைச்சிருக்கலாம்ல."

"யாரோன்னா நீ சொல்லிருப்ப."

பஸ் ஏறிக்கொண்டே இருந்தது. காது அடைத்தது. அம்மா மாலையை மடியில் வைத்து, இலையை ஒரு கையால் அழுத்திப் பிடித்திருந்தாள்.

"ஏம்மா கேட்கல?"

"கேட்டா நீ சொல்லிருவ. சொல்லிட்டா நான் எந்திரிச்சுப் போகணும். பொண்டாட்டி போகாம இருக்க முடியுமா." ஒரு வளைவு போனது. "எனக்குக் கண்ணு வேணும்னு இருந்துச்சு புள்ள. அவரு அங்க கூடத்துல கிடக்கறாரு. நான் இங்க மூஞ்சியைப் பொத்திக்கிட்டு, குமிழி நகருதா, நகருதான்னு பார்த்துக்கிட்டுக் கிடந்தேன். இதை நீ யார்கிட்டயும் சொல்லாத."

சொல்லமாட்டேன் என்று அவள் கையைப் பிடித்தேன். என்னிடமும் சொல்ல ஒன்று இருந்தது. இதுதான் நேரம் என்றும் தெரிந்தது. பின் சீட்டில் ஒரு குழந்தை வாந்தி எடுக்க, அதன் அம்மா ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். எழுந்து திறந்துவிட்டேன்.

உட்கார்ந்ததும் அம்மா சொன்னாள். "மேட்டுப்பாளையம் வரைக்கும் கொண்டாந்திருக்கலாம். அந்த நீலச் செருப்பு சிஸ்டர் அன்னைக்குச் சாயங்காலம் மருந்து போடறப்போ என்கிட்டயே சொன்னா. உங்க பொண்ணு ஊருக்குப் போகணும்னு கேட்டுச்சு, மேட்டுப்பாளையம் வரைக்கும்னா போகலாம்னு சொன்னேன்னா. சரி, அங்கயாச்சும் கொண்டாருவான்னு ரெண்டு நாளு காத்துக்கிட்டிருந்தேன். உங்கண்ணனுக்கு அது தோணல பாரு."

"நீதான் அப்போ பார்க்கவே முடியாதேம்மா."

"முடியாட்டி என்ன. தொட்டிருப்பேன்."

நவம்பர் 26, செவ்வாய்

நேற்று வீட்டு வாசலில் பெண்கள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அம்மாவும் அழுதாள். ஒப்பாரி முடிந்து, ஒவ்வொருவராகக் கிளம்பி, வீட்டு ஆட்கள் மட்டும் மிஞ்சினோம். அண்ணி டீ போட்டாள். அப்பாவின் காலுறை இரண்டும் துவைத்துப் போட்டபடியே கொடியில் தொங்கிக்கொண்டிருந்தன.

போட்டோவுக்குச் சம்பங்கி மாலையை அம்மாதான் போட்டாள். சட்டத்தைத் தடவி, மூலையைக் கண்டுபிடித்து மாட்டினாள். பிறகு எதிரே உட்கார்ந்தாள்.

"டேய் ஜெகதீசா."

"என்னம்மா."

"என்னால மேல வர முடியாது, சரி. அவரைக் கீழ மேட்டுப்பாளையம் வரைக்கும் கொண்டாந்திருக்கலாம்ல. அவ்வளவு தூரம் வரலாம்னு ஆஸ்பத்திரியிலயே சொன்னாங்க. ஊரே கூடி நின்னீங்க. ஒருத்தருக்காச்சும் தோணலையா? உனக்குத் தோணலையாடா?"

அண்ணன் டீ டம்ளரை வாயிலிருந்து எடுத்தான். என்னைப் பார்த்தான். கொஞ்சநேரம் பார்த்தான். அவன் முகத்தில் ஒவ்வொன்றாக ஏறுவது தெரிந்தது. நான் சொன்னது, சிஸ்டர் சொன்னது, சனிக்கிழமை, ஆம்புலன்ஸ். அண்ணி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அண்ணன் அவள் பக்கம் கையை நீட்டித் தடுத்தான்.

"தோணலம்மா" என்றான்.

"தோணாது. உங்கப்பன் மாதிரி நீயும் ஒரு அசடு" என்றாள் அம்மா.

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனான். மழை தூறிக்கொண்டிருந்தது. கோட்டு எடுத்துக்கொள்ளவில்லை.

இன்று காலை அவன் என்னோடு பேசினான். பால் வாங்கிவிட்டாயா என்று கேட்டான். வாங்கிவிட்டேன் என்றேன்.

அம்மா போட்டோவுக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள். டாக்டரம்மா சொன்னபடி பழகிக்கொள்கிறாள். நேராகப் பார்த்தால் அப்பாவின் முகம் இருக்கிற இடத்தில் திட்டுதான் இருக்குமாம், மாலை மட்டும் சுற்றிலும் தெரியுமாம். கொஞ்சம் வலது பக்கம் திரும்பினால் முகம் வருகிறது என்றாள். மீசைகூடத் தெரிகிறதாம்.

வலது பக்கம் சுவரோரம் நான் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் முகம் என்னை நோக்கித் திரும்பி, அசையாமல் நின்றது. அப்பாவைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

இடம் மாறி உட்கார்ந்தேன். கொஞ்சநேரம் கழித்து அண்ணி போட்டோவை நகர்த்தி வேறு ஆணியில் மாட்டினாள். அம்மாவும் நகர்ந்து உட்கார்ந்தாள். மறுபடியும் அந்த முகம் என் பக்கம்தான் இருந்தது.

எழுந்து அடுப்படிக்குப் போனேன். அரிசி களைய வேண்டியிருந்தது.